செட் ஆகலையா?

காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் ஒரு கால் மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பாருங்கள். ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தை எத்தனை வேஷம் கட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

“அலாரம் செட் பண்ணிட்டுத்தான் படுத்தேன். நடுராத்திரி போன் செத்துப்போச்சு.”

“புது சூப்பர்வைசர் நமக்கு செட் ஆக மாட்டாருடா.”

“மாஸ்டர், ஒரு செட் தோசை. வடகறி தனியா.”

“ஆவடியில ஒரு வீடு பார்த்தீங்களே, என்னாச்சு?” “அது செட் ஆகலக்கா.”

“பொண்ணு வீட்ல என்ன சொன்னாங்க?” “செட் ஆகாதுன்னுட்டாங்க.”

படித்தவர், படிக்காதவர் பேதமெல்லாம் இந்த வார்த்தைக்குக் கிடையாது. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஓடுகிறவரும் சொல்கிறார். பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் சொல்கிறார். அந்த அம்மாவிடம் ‘இங்கிலீஷ் தெரியுமா’ என்று கேட்டால் ‘நமக்கு ஏதுப்பா அதெல்லாம்’ என்பார். அடுத்த நிமிடமே பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம், ‘இந்தப் பொடவைக்கு ரோஸ் செட் ஆகாது, மல்லி வச்சுக்க’ என்பார்.

இங்கிலீஷ்காரர்களுக்கே இது பெரிய தலைவலி பிடித்த வார்த்தைதான். 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்த ‘செட்’டுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள்கள். விளக்கி முடிக்க ஏறக்குறைய 60,000 வார்த்தைகள் ஆயின. அது ஒரு சுமாரான நாவலின் அளவு! பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டே வந்தபோது ‘ரன்’ என்ற வார்த்தை 645 பொருள்களோடு 2011-ல் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் செட்டின் மவுசு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஸ்கூல் பிள்ளைகளுக்கு மட்டும் இது செல்ல வார்த்தை. வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் பண்ணும்போது ‘கோ – வென்ட் – கான்’ என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும். செட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. செட் – செட் – செட். நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அதே வார்த்தை தமிழில் ‘கணம்’ ஆகி உட்கார்ந்திருக்கும். தமிழ் மீடியத்தில் கணம் என்று படித்தவர்கள் காலேஜுக்குப் போய் ‘செட் தியரி’ என்றதும் முழிப்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செட் தோசையில் இருக்கும் செட்டும், அலாரம் செட் பண்ணுகிற செட்டும் பிறப்பால் ஒரே வார்த்தை இல்லை. ஒரு கூட்டம், ஒரு தொகுப்பு என்ற பொருளில் வருகிற செட், லத்தீனில் ‘செக்டா’ என்று இருந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்தது. மூன்று தோசை சேர்ந்தால் செட், ஆறு டம்ளர் சேர்ந்தால் செட், சேர்ந்து சுற்றுகிற பசங்க ஒரு செட்டு, தண்ணி இறைக்கிற மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்தால் பம்ப்செட்டு. எல்லாம் அந்தக் குடும்பம்.

வினைச்சொல்லின் கதை வேறு. பழைய இங்கிலீஷில் அது ‘செட்டன்’. பொருள்: உட்கார வை. ‘சிட்’ என்றால் உட்கார்; ‘செட்’ என்றால் உட்கார வை. நமக்கு இது புதிதா என்ன? அமர் – அமர்த்து, திரும்பு – திருப்பு, நட – நடத்து. தானாக நடப்பதற்கு ஒரு சொல், இன்னொருவர் நடத்துவதற்கு ஒரு சொல். தமிழ் இந்த ஜோடிகளால் நிரம்பிய மொழி.

அதனால்தானோ என்னவோ, செட் நம் வாய்க்கு வந்ததும் நாம் செய்த முதல் வேலை, அதற்கு இரண்டு வால் ஒட்டியது. ‘செட் பண்ணு’, ‘செட் ஆகு’. பண்ணினால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார். ஆனால், ஆள் இல்லை, அதுவாக ஆகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பல பேருடைய பிழைப்பே மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் வம்பில்லாத இடத்தைப் பார்ப்போம். போரூர், குமணன்சாவடி வழியாகப் பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ தூண்கள் எழுந்த வருடங்களில், அந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் பாதி சிவில் இன்ஜினீயர் ஆகிவிட்டார்கள். ‘காங்கிரீட் செட் ஆகணும், அதுக்குத்தான் ரோட்டை அடைச்சிருக்காங்க’ என்று ஷேர் ஆட்டோவில் விளக்கம் சொல்கிற அளவுக்கு. இங்கே ‘ஆகு’ நியாயமான வார்த்தை. சிமென்ட் தானாகத்தான் இறுகுகிறது. இந்தியத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் தண்ணீர் பட்டு 30 நிமிடத்துக்குள் இறுக ஆரம்பிக்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள், அதாவது 10 மணி நேரத்துக்குள், இறுகி முடித்துவிட வேண்டும். சீக்கிரம் இறுகினால் கலந்து கொட்ட நேரம் இருக்காது. தாமதமானால் வேலை நின்றுபோகும். ஆனால் செட் ஆவது வேறு, பலம் வருவது வேறு. பலத்தை 28-ம் நாள் சோதித்துப் பார்ப்பார்கள். வீடு கட்டுகிற மேஸ்திரிகள் இதை விதி எண் எதுவும் இல்லாமலே சொல்வார்கள்: “செட் ஆயிடுச்சுன்னு விட்டுடாதீங்க சார். தண்ணி காட்டிட்டே இருக்கணும்.”

எலும்பு விஷயத்தில் நாம் செட்டை உள்ளே விடவே இல்லை. கை ஒடிந்து புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்து ‘எலும்பு கூடிடுச்சா’ என்றுதான் இன்னமும் கேட்கிறோம். தயிரும் ரொம்ப நாள் தோய்ந்துகொண்டும் உறைந்துகொண்டும்தான் இருந்தது. இப்போதுதான் இளம் சமையலறைகளில் ‘தயிர் செட் ஆகல’ கேட்க ஆரம்பித்திருக்கிறது. பாட்டிமார் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதுதான், ‘தோஞ்சிடுச்சு’ என்ற வார்த்தையில் இருக்கிற குளிர்ச்சி இதில் எங்கே இருக்கிறது?

இப்போது வம்புக்கு வருவோம்.

ஆவடி, பட்டாபிராம் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசுவார். எத்தனை பேரு? எங்க வேலை? சொந்த ஊர் எது? வீட்ல நான்-வெஜ் சமைப்பீங்களா? நாலாவது, ஐந்தாவது கேள்விக்குப் பதில் வந்ததும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். “இல்லீங்க... நமக்கு செட் ஆகாது.” கதவு மூடிவிடும். எது செட் ஆகவில்லை? வாடகையா, ஆட்களா, சமையலா, சாதியா, மதமா? சொல்லத் தேவையில்லை. திரும்பி நடக்கிறவர்களுக்கும் சண்டை போட ஒரு பிடி கிடைக்காது. ‘உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் ‘ஏன்’ என்று கேட்கலாம். ‘செட் ஆகாது’ என்றால் யாரைக் கேட்பது?

பெண் பார்க்கும் விஷயத்திலும் இதே கதை. ஜாதகம், நிறம், சம்பளம், பையன் தலையில் முடி என்று காரணம் எதுவாக இருந்தாலும் வெளியே வருவது இரண்டே வார்த்தை. முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல் தப்பிக்க அது ஒரு மரியாதையான வழி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இங்கிலீஷைக் குறை சொல்லியும் பயனில்லை. ‘ஒத்துவராது’, ‘சரிப்படாது’, ‘தோதுப்படாது’ என்று இதற்கான நாற்காலிகளை நாம் முன்பே போட்டு வைத்திருந்தோம். செட் வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

திருமுல்லைவாயிலில் ஒரு தெருவில் ‘செட்டர் தாத்தா’ என்று ஒருவர் இருக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. 34 வருடம் எஸ்டேட்டில் பவர் பிரஸ் செட்டர். 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூருக்கு வந்தது. 1960-களில் எஸ்டேட் வந்தது. ஆவடி ஃபேக்டரியிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இந்த வட்டாரமே சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை வெட்டி, வளைத்து, துளை போட்டு வளர்ந்த வட்டாரம். அந்தத் துண்டுகளில் லட்சக்கணக்கானவை வெளிவரக் காரணமாக இருந்த கை அவருடையது.

பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர் ஆபரேட்டர். தகட்டை வைப்பார், அழுத்துவார், எடுப்பார். அந்த மெஷினை அந்த வேலைக்குத் தயார் பண்ணுகிறவர்தான் செட்டர். கீழே டை, மேலே பஞ்ச். இரண்டும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி கூடிப்போனால், வெட்டின துண்டில் அந்தப் பக்கம் பிசிறு தூக்கும். செட்டர் தாத்தா முதல் துண்டை எடுத்து ஓரத்தில் கட்டை விரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டுவாராம். எந்தப் பக்கம் நகம் மாட்டுகிறதோ, அந்தப் பக்கம் இன்னும் சரியாகவில்லை. அவர் ‘செட் ஆயிடுச்சா’ என்று கேட்டதே இல்லை. “உக்காந்துச்சா?” என்பதுதான் அவர் கேள்வி. அகராதி பார்க்காமலே அவர் அந்த வார்த்தையின் பழைய வேரைப் பிடித்திருந்தார்.

ஒரு டையைக் கழற்றி இன்னொன்றை மாட்ட அந்தக் காலத்தில் அரை நாள்கூட ஓடிவிடும். அது ஒன்றும் கேவலமில்லை. ஜப்பானில் டொயோட்டா கம்பெனியிலேயே 1969-ல் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு அந்த வேலை 4 மணி நேரம் பிடித்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற இன்ஜினீயர் அதை முதலில் 90 நிமிடமாக்கி, கடைசியில் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். இன்று எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிகளில் அவர் சொன்ன முறையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். செட்டர் தாத்தாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “மூணு நிமிஷமா? நாங்க ஸ்பானர் தேடவே மூணு நிமிஷம் ஆவும்.”

அவருடைய இடது கை ஆட்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. டைக்குள் கை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாமல் யாரோ பெடலில் கால் வைத்துவிட்டார்கள். இரண்டு கைகளாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடு அந்த மெஷினுக்கு அப்போது இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. வெயில் அதிகம் என்பதுபோலச் சொல்வார்.

அவருடைய பேத்தி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, எஸ்டேட்டில் ஒரு சி.என்.சி. பட்டறையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தாள். ஆபரேட்டர் வேலை. துண்டை மாட்டு, பச்சை பட்டனை அழுத்து, எடு, அளந்து பார், அடுக்கு. ஆறு மாதம் ஆயிற்று. சி.என்.சி.யிலும் ஆபரேட்டர், செட்டர் என்ற அதே இரண்டு படிகள்தான். எந்த டூல் எங்கே நிற்க வேண்டும், துண்டின் எந்த முனை பூஜ்யம், தேய்மானத்துக்கு எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறவர் செட்டர். சம்பளமும் கூட. பல மெஷின்களில் ‘ஆஃப்செட் செட்டிங்’ என்று எழுதிய பட்டனே இருக்கும். டிப்ளமோ பரீட்சையில் அதைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். பட்டறையில் அந்தப் பட்டனைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை.

ஒருநாள் கேட்டுவிட்டாள். “சார், நான் செட்டிங் கத்துக்கட்டுமா?”

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குச் சொந்தக் காசில் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பவர். அவர் சொன்னார்: “பொண்ணுங்களுக்கு செட்டிங் எல்லாம் செட் ஆகாதும்மா.”

அந்த நிமிடம் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு செட்! பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு போய்விட்டது. கூட வேலை பார்க்கிற ஒன்பது பெண்களும் ஆபரேட்டர் அல்லது இன்ஸ்பெக்ஷன். அவளுக்கு அப்புறம் சேர்ந்த இரண்டு பையன்கள் செட்டரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அது ‘செட் ஆகவில்லை’, அவ்வளவுதான்.

வீட்டில் தாத்தாவிடம் சொன்னாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஏன் ஆகாதாம்?”

“வெயிட் தூக்கணுமாம். கைல அடிபட்டா யார் பதில் சொல்றதாம்.”

தாத்தா அந்த அரை விரலைத் தூக்கிக் காட்டினார். “எனக்கு மட்டும் செட் ஆச்சா? ஆம்பள கை, பொம்பள கைன்னு மிஷினுக்குத் தெரியுமா பாப்பா?” கொஞ்ச நேரம் கழித்து, பாதி தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, “மிஷின் எங்க தானா உக்காந்துச்சு, நாமதான் உக்கார வெக்கணும்” என்றார். பிறகு டிவி சத்தத்தை ஏற்றிவிட்டார்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி என்றும் ஒருவர் வாதிடலாம். வெயிட் விஷயம் பொய்யில்லை. சில வேலைகளில் மாட்டுகிற சக் தாடை, டூல் பிளாக் எல்லாம் கனம்தான். ஆனால் பையன்களும் அதைத் தனியாகத் தூக்குவதில்லை, இரண்டு பேராகத்தான் தூக்குகிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பார்க்காததற்குக் காரணம், கேட்க வேண்டிய இடத்தில் ‘செட் ஆகாது’ என்ற வார்த்தை நின்றுகொண்டிருந்ததுதான்.

அவள் சண்டை போடவில்லை. அந்த ஷிஃப்டில் இருந்த மூத்த செட்டர் அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். அவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி எப்போதும் மறந்துபோகும். ஸ்கிரீனில் இருக்கும் எண்களை அவள் படித்துச் சொல்வாள். அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வாள். டூலை எவ்வளவு மெதுவாகத் துண்டின் முகத்தில் தொட வைக்க வேண்டும், முதல் ஓட்டத்தில் வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் சிவப்பு பட்டனைக் குத்த வேண்டும் என்று நாலு மாதத்தில் ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா நிற்கும்போது, “தொட்டுப் பாரு” என்று அண்ணன் ஒதுங்கிக்கொள்வார். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போவார். நம் ஊரில் பல விஷயங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

ஒரு முகூர்த்த நாளில் அண்ணன் லீவு. மற்ற செட்டர் வேறு மெஷினில் மாட்டிக்கொண்டார். ஓர் அவசர வேலை, மெஷின் ஒரு மணி நேரமாகச் சும்மா நிற்கிறது. சூப்பர்வைசர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். பிறகு அவளிடம் வந்து, “நீ பண்ணிடுவியா?” என்றார்.

25 மில்லிமீட்டர் விட்டம், கூடக் குறைய 20 மைக்ரான் வரை போகலாம். அவள் செட் பண்ணி ஓட்டிய முதல் துண்டு 25.06 காட்டியது. 60 மைக்ரான் அதிகம். கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். வெளி விட்டம் என்பதால் பிழைத்தது, இன்னும் சீவ இடமிருக்கிறது. ஆஃப்செட்டில் அதைக் கழித்துப் போட்டு மறுபடி ஓட்டினாள். 25.01. இன்ஸ்பெக்ஷனில் இருந்த பெண் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு ஓகே சொன்னாள்.

முதல் துண்டு சரியாக வந்தால் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் ‘செட் பை’ என்று ஒரு கட்டம் இருக்கும். யார் செட் பண்ணியது என்று எழுதுவதற்கு. சூப்பர்வைசர் கைப்பழக்கத்தில் அண்ணன் பெயரை எழுதிவிட்டார்.

“சார், அண்ணன் லீவு” என்றாள்.

அவர் பெயரை அடித்துவிட்டு, சீட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.